தோமையாரின் எலும்பும் மயிலாப்பூர் மண்ணும்

ஐயா, வணக்கம்.

போன மாதம் அம்மாவை சாந்தோம் பேராலயத்துக்குக் கூட்டிப்போனேன். நிலவறையில் இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் அழுதார். வீட்டுக்கு வந்ததும் தம்பி, "அவர் எலும்பெல்லாம் இத்தாலியில ஓர்த்தோனாங்கிற ஊர்ல இருக்கு. இங்க இருக்கிறது போர்த்துக்கீசியர் கட்டின கதை" என்றான். அம்மா அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. எது உண்மை?

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

எலும்புகள் ஓர்த்தோனாவில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று தம்பி சொன்னது சரி. போர்த்துக்கீசியர் கட்டிய கதை என்பது சரியல்ல.

1258இல் லியோனே என்ற மாலுமி அந்த எலும்புகளை கியோஸ் தீவிலிருந்து ஓர்த்தோனாவுக்குக் கொண்டுவந்தார் என்பது அவ்வூர் மரபு. அதற்கு முன் அவை இருந்த இடமாகச் சொல்லப்படுவது எதேசா, இன்றைய துருக்கியின் உர்ஃபா. நான்காம் நூற்றாண்டில் எதேசாவில் வாழ்ந்த புனித எப்ரேம் இதைப் பாடியிருக்கிறார். இந்தியாவில் நான் கொன்ற அப்போஸ்தலர் எனக்கு முன்பாக எதேசாவுக்கு வந்துவிட்டாரே என்று அந்தப் பாட்டில் சாத்தான் புலம்புகிறான். ஆக, எலும்பு எங்களிடம் இருக்கிறது என்று உரிமை கோரிய ஊரே, அது இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் சொல்லியிருக்கிறது. ஓர்த்தோனாவைக் காட்டி இந்தியக் கல்லறையை மறுக்க முடியாது.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற நூலின் முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. தோமையாரைக் கொல்ல ஆணையிட்ட அரசனின் மகனைப் பேய் பிடிக்கிறது. எலும்பொன்றை எடுத்து மகனுக்குக் கட்டலாம் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்பு இல்லை. சீடர் ஒருவர் முன்பே மேற்கே கொண்டுபோய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி மகனுக்குக் கட்டுகிறான், பிள்ளை பிழைக்கிறான்.

இனி மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் மாபார் என்று அழைத்த சோழமண்டலக் கடற்கரையின் சிற்றூர் ஒன்றில் தோமையாரின் கல்லறை இருப்பதாக எழுதுகிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வந்து வணங்குவார்களாம். தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் நீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். காட்டில் மயில்கள் சூழ ஜெபித்துக்கொண்டிருந்தவர்மேல், மயிலுக்குக் குறிவைத்த ஒருவனின் அம்பு தவறிப் பாய்ந்தது என்பது அவர் கேட்ட கதை. மயிலாப்பூர் என்ற பெயரை அவர் எழுதவில்லை, ஆனால் மயிலை எழுதியிருக்கிறார்! போர்த்துக்கீசியர் வந்தது இதற்கெல்லாம் இருநூறு ஆண்டுகள் கழித்து.

அவர்கள் 1523இல் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகளும் ஓர் ஈட்டிமுனையும் மண் நிறைந்த கலயமும் கிடைத்ததாக எழுதிவைத்தார்கள். எனக்கு உறுத்துவது இந்த எலும்புகள்தான். பழைய நூலின்படி கல்லறை காலியாக இருந்திருக்க வேண்டும். எலும்பு இருந்தது என்றால் அந்த நூலும் எதேசாவும் பொய்யாகும், இல்லையென்றால் அவர்கள் எடுத்தது வேறு யாருடைய எலும்போ. இரண்டையும் ஒருசேர நம்ப வழியில்லை.

இன்னொரு சிக்கலையும் மறைக்க நான் விரும்பவில்லை. அந்த நூலில் வரும் குந்தபோரஸ் என்ற அரசன் நிஜமாகவே இருந்தவன். அவனுடைய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே, காந்தாரப் பகுதியில். தோமையார் உயிர்விட்டது மஸ்தாய் என்ற இன்னொரு அரசனின் நாட்டில். அந்த நாடு எது என்பதற்கு நூலில் தெளிவில்லை. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கப்பல்கள் நம் கடலுக்கு வந்தன, அரிக்கமேட்டு மண்ணில் இத்தாலிய மட்பாண்டமே கிடைத்திருக்கிறது. எனவே தோமையார் என்ற யூதர் இங்கே வந்திருக்கக்கூடும். வந்தார் என்பதற்குச் சான்று இல்லை. இந்த அளவில்தான் என்னால் நிற்க முடிகிறது.

அம்மாவுக்கு அந்த மண்ணின் கதையைச் சொல்லுங்கள். கல்லறை காலி என்று முதலில் எழுதியது தம்பி அல்ல, தோமையாரை உயிருக்கு உயிராக நேசித்தவர்கள். மார்க்கோ போலோ பார்த்த ஜனங்களும் எலும்பைத் தேடவில்லை, மண்ணைத்தான் கொண்டுபோனார்கள். அம்மா மண்டியிட்டது அவர்களுடைய வரிசையில்.

அடுத்தமுறை பரங்கிமலைக்கும் கூட்டிப்போங்கள். அங்கே பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையை 1547இல் கண்டெடுத்தார்கள். அதைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து லத்தீன் அல்ல, பாரசீகத்துப் பஹ்லவி. போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யாரோ அதை அங்கே செதுக்கியிருக்கிறார்கள். தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.