யார் காசில் ஆடினார் ஃப்ரை?

அன்புள்ள ஐயா,

சி.பி. ஃப்ரை பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஒரே மனிதர் இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார், கால்பந்தும் ஆடியிருக்கிறார். நீளம் தாண்டுதலில் உலக சாதனையைத் தொட்டிருக்கிறார். ரக்பியும் ஆடிக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்திருக்கிறார். அல்பேனியாவுக்கு அரசராகக்கூடக் கூப்பிட்டார்களாம். ஒரு பைசா வாங்காமல் ஆடிய தலைமுறை அது. இன்றைய ஏலங்களைப் பார்த்தால் பணம் வந்துதான் விளையாட்டு கெட்டது என்று தோன்றுகிறது. என் மகனுக்கு 11 வயது. கிரிக்கெட் அகாடமியில் இருக்கிறான். கால்பந்தை விட்டுவிடச் சொல்கிறார் கோச். அவன் மாட்டேன் என்கிறான். என்ன செய்யட்டும்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பையன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. 'ஒரு பைசா வாங்காமல் ஆடிய தலைமுறை.' இதே வரியை டீக்கடையிலும் கேட்கிறேன், படித்தவர்கள் மேடையிலும் கேட்கிறேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுத உங்கள் கடிதம் காரணமாகிவிட்டது.

முதலில் அல்பேனிய அரியணையை விட்டுத் தள்ளுங்கள். கூட ஆடிய நண்பரும் நவாநகர் மன்னருமான ரஞ்சித்சிங்ஜியின் (ரஞ்சி) உதவியாளராக ஜெனீவாவுக்கு, இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடியான லீக் ஆஃப் நேஷன்ஸ் கூட்டத்துக்குப் போனபோது நடந்ததாக ஃப்ரையே சொல்லி வந்த கதை அது. அவர் பெருமைக்கு அந்தக் கதை தேவையே இல்லை.

1901 ஒரு வருடம் போதும். அந்த சீசனில் 3,147 ரன், 13 சதம். அவற்றில் ஆறு சதங்கள் அடுத்தடுத்த ஆறு இன்னிங்ஸில் வந்தவை. பின்னாளில் பிராட்மேன் அதைச் சமன் செய்தார், தாண்டவில்லை. அதே 1901இல் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து கால்பந்து அணியில் இடம். அடுத்த ஆண்டு சவுத்தாம்ப்டன் அணியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், அதுவும் டிரா ஆகி மறு ஆட்டத்தில் தோல்வி. அதே கோடையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்களில் அவர் எடுத்த ரன்கள் 0, 0, 1, 4. அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். உங்கள் கட்டுரை இதைச் சொல்லியிருக்காது. எனக்கு அவர் மேல் பிரியம் கூடுவதே இந்த நான்கு எண்களால்தான். எல்லாம் கைவந்த மனிதரில்லை அவர். பக்கத்தில் ரஞ்சி மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருக்க, எதிர்முனையில் யோசித்து யோசித்து, உழைத்து உழைத்து ரன் சேர்த்தவர்.

சரி, காசுக்கு வருவோம். யார் கொடுத்தது?

ஃப்ரையின் அப்பா லண்டன் போலீஸ் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். எஸ்டேட் கிடையாது, பரம்பரைச் சொத்து கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டிலேயே கடன் கழுத்தை நெரித்தது. கடைசித் தேர்வு நேரத்தில் மனம் உடைந்து, பட்டத்தின் கடைசித் தரமான நாலாம் கிளாஸில் தேறினார். சம்பளம் வாங்காமல் ஆட வசதி வேண்டும், அந்த வசதி அவருக்கு இல்லை. இங்கிலாந்தின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர் ஒரு தடவைகூட ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் போனதில்லை. பல மாதம் வருமானமில்லாமல் கப்பலேற அவரால் முடியவில்லை. நீங்கள் புகழும் 'பைசா வாங்காத' ஏற்பாடு அவரிடமிருந்தே பறித்துக்கொண்டது அது.

பிறகு எப்படி வாழ்ந்தார்? பத்திரிகைகளில் எழுதினார், தன் பெயரிலேயே மாத இதழ் நடத்தினார். ஆட்டத்துக்குக் கூலி வாங்கவில்லை, ஆட்டத்தால் வந்த பெயருக்கு வாங்கினார். அப்புறம் திருமணம். 1898இல் தன்னைவிடப் பத்து வயது மூத்த பியாட்ரிஸைக் கட்டிக்கொண்டார். அவர் இளம்பெண்ணாக இருந்த நாளிலிருந்து சார்லஸ் ஹோர் என்ற வங்கிக் குடும்பத்துச் செல்வரின் காதலி, அவருடைய பிள்ளைகளுக்குத் தாய். ஹாம்பிள் ஆற்றில் நின்ற மெர்க்குரி என்ற பயிற்சிக் கப்பல் ஹோர் தொடங்கியது. சிறுவர்களைக் கடற்படைக்கும் வணிகக் கப்பல்களுக்கும் தயார் செய்யும் இடம். 1908இல் ஹோர் இறந்ததும் ஃப்ரை அதன் தலைமையை ஏற்றார், 1950 வரை இருந்தார். பெயர் அவருடையது, நிர்வாகம் பியாட்ரிஸுடையது. அந்தப் பெண்மணியின் கடுமை பேர்போனது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வைத்து, அவர்கள் முன்னால் பையன்களைச் சாட்டையால் அடிப்பார்கள். ஃப்ரை வெள்ளை உடையில் மைதானத்துக்கு நடந்துபோகும் அந்த அழகான புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்கள் ஞாபகம் வருகிறார்கள்.

காசில்லாமல் யாரும் ஆடவில்லை, க. காசு எங்கிருந்து வந்தது என்று பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பேசியவர்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஃப்ரை ரக்பி ஆடிய அதே நாட்களில், 1895 ஆகஸ்டில், வடக்கு இங்கிலாந்தின் ரக்பி கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, அந்த ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியனை விட்டு வெளியேறின. அவர்கள் கேட்டது பெரிய சம்பளமில்லை. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்கிறவன் ஆட்டத்துக்காக விட்ட வேலை நேரத்தின் கூலியைக் கொடுங்கள் என்றார்கள். முடியாது என்றது யூனியன். பிரிந்து போனவர்களோடு ஆடியவனுக்கு யூனியன் மைதானத்தில் இனி இடமில்லை என்றது. நூறு வருடம் கழித்து, 1995இல்தான் அந்த யூனியன் ஆட்டத்தில் வெளிப்படையாகக் காசு வந்தது.

கிரிக்கெட்டில் இன்னும் மோசம். சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூருக்கு ஒரு உடைமாற்றும் அறை, சம்பளக்காரனுக்கு வேறு. மைதானத்துக்குள் இறங்க வேறு வேறு வாசல். ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரனுக்குப் பின்னால். லார்ட்ஸில் ஒரு தடவை 'எஃப்.ஜே. டிட்மஸ்' என்று தவறுதலாக அச்சாகிவிட்டது, 'டிட்மஸ், எஃப்.ஜே.' என்று திருத்திப் படிக்கவும் என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு எழுத்துக்காக! ஃப்ரை தலைமையில் இங்கிலாந்து 1912இல் ஆறு டெஸ்ட் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆறு டெஸ்டில் 39 விக்கெட் எடுத்தவர் சிட்னி பார்ன்ஸ், சம்பளக்காரர். அவரைத் தலைவராக்க யாருக்கும் தோன்றவில்லை. சம்பளக்காரரான லென் ஹட்டன் தலைவராக வருவதற்கு 1952 ஆயிற்று. அமெச்சூர், சம்பளக்காரன் என்ற பிரிவையே 1962 கடைசியில்தான் ஒழித்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருந்தார். விசைத்தறியில் வேலை. கபடி, வாலிபால், ஓட்டம் எதில் இறங்கினாலும் அவர்தான். ஷிஃப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார், புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் வரமாட்டேன் என்றுவிட்டார். மேட்ச் என்றால் ஷிஃப்ட் போச்சு, ஷிஃப்ட் போனால் கூலி போச்சு. 'விளையாட்டில் ஈடுபாடு குறைந்துவிட்டது' என்று பெரியவர்கள் பேசியது காதில் விழுந்தது. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது. அதனால்தான், பணம் வந்து விளையாட்டு கெட்டது என்று திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதும்போது சுருக்கென்கிறது. உங்கள் ஊருக்குத் தெரியாதா ஷிஃப்ட் என்றால் என்னவென்று?

ஃப்ரையின் பிற்கால மனநோய் பற்றி நான் எழுதவில்லை. இந்தியாவில் இருந்தபோது அது முற்றியது. அந்தத் துயரத்தை வைத்து அவரை எடை போடக்கூடாது. 1934இல் ஹிட்லரைப் போய்ப் பார்த்து வியந்துவிட்டு வந்ததையும், 1939இல் தன் வாழ்க்கைக் கதையிலும் அந்த வியப்பை விடாததையும் என்னால் அப்படித் தாண்டிப் போக முடியாது. மகனுக்கு இவரை முன்மாதிரியாகக் காட்டப் போகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 11 வயதுக்குப் புரியும்.

பையனைக் கால்பந்து ஆட விடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வளர்கிற உடம்புக்கு ஒரே அசைவை வருஷம் முழுக்கக் கொடுப்பதுதான் கெடுதல். கோச் சத்தம் போட்டால் போடட்டும், மாதக் கட்டணம் கட்டுவது நீங்கள். வாரத்தில் இரண்டு மாலை கால்பந்துக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் மட்டை பிடிக்கிறவனா, வேகப்பந்து போடுகிறவனா என்று நீங்கள் எழுதவில்லை. வேகப்பந்து என்றால் வலைப்பயிற்சியில் ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போட வைக்கிறார்கள் என்று நின்று எண்ணிப் பாருங்கள். இந்த வயதில் முதுகெலும்பில் விரிசல் விழுவது அப்படித்தான். எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள்.