கழுத்து ஃபியூஷன்ல பிஎம்பி போடலாமா? உங்க கேள்விகளுக்கு பதில்

அமெரிக்காவுல ஸ்பைன் சர்ஜரி தியேட்டர்ல நர்ஸா இருக்கேன். ஃபியூஷன்னா முதுகெலும்புகளை ஒண்ணா சேர வைக்கற ஆபரேஷன். அதுல போடற எலும்பு வளர வைக்கிற புரோட்டீன், அதாவது பிஎம்பி பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஸ்கேன் பாத்த உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு, ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போங்க. அவசரமான கேள்விய முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, மாமியாருக்கு கழுத்துல முன்பக்கமா ஆபரேஷன் ஆகி அஞ்சு நாள் ஆச்சு, வீட்டுக்கு வந்துட்டாங்க. முழுங்க கஷ்டமா இருக்குங்கறாங்க. பிஎம்பி போட்டாங்களான்னு தெரியல.

பதில்: முன்பக்கமா கழுத்து ஆபரேஷன் பண்ணவங்க நிறைய பேருக்கு கொஞ்ச நாள் முழுங்க கஷ்டம் இருக்கும்மா, பிஎம்பி போடலன்னாலும் இருக்கும். ஆனா நேத்தைவிட இன்னைக்கு அதிகமா இருக்கா, அதைப் பாருங்க. எச்சிலே முழுங்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது, குரல் மாறுது, கழுத்து வீங்கி இறுகுது, இதுல ஒண்ணு இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே 911 கூப்பிடுங்க. ஒண்ணும் இல்லன்னாலும் இன்னைக்கே சர்ஜன் ஆபீஸுக்கு போன் போட்டு பிஎம்பி வச்சீங்களான்னு கேளுங்க, ஆபரேஷன் ரிப்போர்ட்ல என்னென்ன உள்ள வச்சாங்கன்னு எழுதியிருக்கும்.

கேள்வி: பிஎம்பின்னா என்னங்க, சிமெண்ட் மாதிரியா?

பதில்: இல்லங்க, இது நம்ம எலும்புக்குள்ளயே இருக்கற புரோட்டீன். 1965ல மார்ஷல் யூரிஸ்ட்ங்கற டாக்டர், கால்சியத்தை எடுத்துட்ட எலும்பை தசைக்குள்ள வச்சுப் பாத்தாரு, அங்க புது எலும்பு வளந்துச்சு, அதுலேருந்து வந்ததுதான் இது. இப்ப லேப்ல செல் வளத்து தயாரிக்கிறாங்க. எங்ககிட்ட பவுடரா வரும், ஸ்டெரைல் தண்ணில கரைச்சு, மாட்டு கொலாஜன்ல செஞ்ச ஸ்பாஞ்சுல விட்டு குறைஞ்சது 15 நிமிஷம் ஊற வைப்போம், அப்பதான் மருந்து ஸ்பாஞ்சுல பிடிக்கும். அழுத்திப் பிழிஞ்சா மருந்து வெளிய கசிஞ்சுடும், கசியற இடத்துலயும் வீக்கம் வரும், வேண்டாத எலும்பும் வளரலாம்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு இடுப்புல இதே மருந்து வச்சாங்க, நல்லா சேந்துருச்சு. கழுத்துன்னா மட்டும் ஏன் இவ்ளோ பயமுறுத்துறாங்க?

பதில்: 2002ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்க அரசோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, இதுக்கு பர்மிஷன் குடுத்தது கீழ் முதுகுக்கு, அதுவும் வயித்துப் பக்கமா போய் எலும்புகளுக்கு நடுவுல வைக்கற ஒரு குறிப்பிட்ட கூண்டு மாதிரி கேஜோட வைக்கறதுக்கு. கழுத்துக்கு குடுக்கவே இல்ல. பர்மிஷன் இல்லாத இடத்துலயும் டாக்டர் தன் பொறுப்புல போடலாம், சட்டப்படி தப்பில்ல, அப்படித்தான் கழுத்துக்கும் போட ஆரம்பிச்சாங்க. இந்த புரோட்டீன் எலும்பு செல்லை மட்டும் கூப்பிடாது, கூடவே வீக்கத்தையும் கொண்டு வரும். இடுப்புல கொஞ்சம் வீங்கினா இடம் இருக்கு, கழுத்துல முதுகெலும்புக்கு நேர் முன்னாடியே உணவுக்குழாய், அதுக்கு முன்னாடி மூச்சுக்குழாய், வீங்கினா நேரா மூச்சுலதான் கை வைக்கும். 2008 ஜூலைல எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு, நாலு வருஷத்துல குறைஞ்சது 38 பேருக்கு பிரச்சனை வந்ததா ரிப்போர்ட், சிலருக்கு தொண்டைல டியூப் போட்டு, சிலருக்கு கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விட வச்சு, சிலருக்கு திரும்ப ஆபரேஷன். நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான்: சாதாரண ரத்தக்கட்டு பெரும்பாலும் முதல் நாளே வந்துடும், நீங்க ஆஸ்பத்திரிலயே இருப்பீங்க, நர்ஸ் பாத்துடுவாங்க. இந்த பிஎம்பி வீக்கம் பெரும்பாலும் 2லேருந்து 14 நாளுக்குள்ள வருது. அப்ப நீங்க வீட்ல இருப்பீங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன பாக்கணும்னே தெரியாது.

கேள்வி: அப்ப நல்லதே இல்லையா?

பதில்: இருக்கு. ஃபியூஷன் பண்ற இடத்துல வைக்க உங்க இடுப்பெலும்புலேருந்து துண்டு எடுக்க வேணாம், அந்த இடத்து வலி சிலருக்கு கழுத்து வலியை விட ரொம்ப நாள் இருக்கும். முன்ன பண்ண ஃபியூஷன் சேராம போனவங்க, பல லெவல், அதாவது பல எலும்பு ஜோடிகளை சேக்கறவங்க, எலும்பு ரொம்ப பலமில்லாம இருக்கறவங்க, இவங்களுக்கு டாக்டர் யோசிக்கறதுல நியாயம் இருக்கு. ஆனா சி5-சி6 (கழுத்தோட அஞ்சாவது, ஆறாவது எலும்பு) மாதிரி ஒரே ஒரு லெவல்னா, தானம் வந்த எலும்பும் பிளேட்டும் வச்சாலே பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல சேந்துடுது. அதுக்குப் போய் முன்பக்கமா பிஎம்பி எதுக்குன்னு என் வீட்டு ஆளா இருந்தா கண்டிப்பா கேப்பேன்.

கேள்வி: பின்பக்கமா பண்ணா?

பதில்: மூச்சு அடைக்கற பயம் ரொம்பக் குறைவு. காயத்துல நீர் கோக்கறது, நரம்பு பக்கத்துல எலும்பு வளர்றது, இதெல்லாம் கேட்டுக்கோங்க.

கேள்வி: கேன்சர் வரும்னு படிச்சேன், நிஜமா?

பதில்: இதே புரோட்டீனை அதிக டோஸ்ல வச்ச ஆம்ப்ளிஃபைங்கற மருந்துக்கு 2011ல எஃப்டிஏ ஒப்புதல் குடுக்கல, கேன்சர் சந்தேகம்தான் காரணம். அதே வருஷம் முதுகெலும்பு சர்ஜன் டாக்டர் கராகீயோட குழு, பிஎம்பி விக்கற கம்பெனி பணத்துல வந்த ஆரம்ப ஆய்வுகள்ல சொன்னதை விட பக்கவிளைவு 10லேருந்து 50 மடங்கு அதிகம்னு எழுதினாங்க. 2013ல யேல் யுனிவர்சிட்டி ஏற்பாட்டுல ரெண்டு குழு தனித்தனியா கம்பெனி டேட்டாவை முழுசா அலசினாங்க, இடுப்பெலும்பு வைக்கறதை விட பெரிய லாபம் தெரியல, கேன்சர் ரிஸ்க் கொஞ்சம் கூடலாம் ஆனா உறுதியா சொல்ல முடியலன்னாங்க. கேன்சர் இப்ப இருக்கறவங்களுக்கு, கர்ப்பமா இருக்கறவங்களுக்கு கூடவே கூடாது. போட்டுக்கிட்ட பொண்ணுங்க ஒரு வருஷம் கர்ப்பம் தள்ளிப் போடச் சொல்லுவாங்க.

கேள்வி: சார் ஒருத்தர் சிகரெட் பிடிப்பாரு, அதனால பிஎம்பி போட்டே ஆகணும்ங்கறாங்க.

பதில்: சிகரெட் எலும்பு சேர்றதை கெடுக்கும், அது உண்மை. அவசர ஆபரேஷன் இல்லன்னா முதல்ல நிறுத்திட்டு தேதி வாங்க முடியுமான்னு கேக்கச் சொல்லுங்க. சிகரெட்டை விட உதவற பேட்ச், சூயிங் கம் எல்லாமும் நிக்கோட்டின்தான், அதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்.