நாக்கு நுனியில் நின்றுவிட்ட பெயர்

கேள்வி: மயிலாப்பூர் குளக்கரையில் பழைய தோழியைக் கண்டேன். முகமும் ஊரும் நினைவிருக்க, பெயர் மட்டும் நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டது. இது மறதி நோயா?
– வாசகி, சென்னை-4

பதில்: இது மட்டுமே எனில் அஞ்ச வேண்டாம், அம்மா. மனம் முதலில் சொல்லின் பொருளை எட்டிய பிறகே அதன் ஒலியைத் தேடுகிறது. அந்த இரண்டாம் படியில் நேரும் தடங்கலே இது. 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற உளவியலாளர்கள் அரிய ஆங்கிலச் சொற்களின் விளக்கத்தை மட்டும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டியபோது, சொல் வராமல் தவித்தவர்கள்கூட அதன் முதல் எழுத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் பலமுறை சரியாகவே ஊகித்தார்கள். ஆட்பெயர்களில் இத்தவிப்பு மிகுதி. 'தையற்காரர்' என்றால் ஊசியும் நூலும் துணைக்கு வரும், 'வசந்தா' என்ற பெயருக்கோ அந்த முகத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. வயது ஏற ஏற இது கூடுவதும் இயல்பே. அன்றாடப் பொருள்களின் பயனே மறந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.