கரையொதுங்கும் பாசி: ட்ரோன் படங்கள் ஏன் பொருந்தவில்லை?

வணக்கம். வேதாரண்யம் கரையில் ஒதுங்கும் பாசியை ட்ரோனில் படமெடுத்து, படங்களை ஒரே பெரிய படமாக இணைத்தால் அலையோரம் கிழிந்துபோகிறது, சில இடம் மின்னுகிறது, மற்ற இடத்தில் ஈரமணலும் பாசியும் ஒரே கருப்பு என்று எழுதியிருந்தீர்கள். புதுக் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம். பறக்கும் முறையை மாற்றினால் போதும்.

இணைக்கும் மென்பொருள் அடுத்தடுத்த படங்களில் அசையாத புள்ளிகளைத் தேடுகிறது. அலை நின்றால்தானே? கரைக்கு இணையாகப் பறந்து, ஒவ்வொரு படத்திலும் பாதிக்கு மேல் மணல் விழும்படி செய்யுங்கள். வெறும் மணலும் உதவாது. வெள்ளைச் சாக்குகளை ஆங்காங்கே விரித்து, மூலைகளில் கல் வையுங்கள்.

மின்னுவது உச்சிவெயிலின் வேலை. கேமராவை நேர்கீழாக வைத்துக் காலை 9 மணி வாக்கில், நீர் வற்றி மேல்மணல் உலர்ந்த பிறகு பறங்கள். உயரத்தை 40 மீட்டருக்கு இறக்கினால் பாசியின் சொரசொரப்பு தெரியும்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் ஆகாயத்தாமரையையும் கடலுக்குத் தள்ளிவிடும். அதையும் பாசிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: காம்பு பஞ்சாக உப்பியிருந்தால் ஆகாயத்தாமரை, நாடா போல் நீண்டு வழுக்கினால் அநேகமாகக் கடற்புல். குவியலின் தடிமனை மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம் சொல்லாது. ஒரு குச்சியைச் செருகி அளப்பதே நம்பகமானது.

கோடியக்கரைப் பக்கம் போவதானால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். அது சரணாலயம், பனிக்காலத்தில் வலசைப் பறவைகள் குவியும் இடம்.