கோலாலம்பூரில் நமக்கென்று பார்க்க என்ன இருக்கிறது?

"ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போகிறேன். இரட்டைக் கோபுரத்தை விட்டால் நமக்கென்று அங்கே என்ன வரலாறு இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு சுருக்கென்றது. நானும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன்தான். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. உங்கள் ஊரிலும் தலைநகரம் என்றால் பெரியாஸ்பத்திரியும் தைப்பூசமும்தான் என்று நினைக்கிறேன்.

கோபுரத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 452 மீட்டர் உயரம், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் காலையில் மகா மாரியம்மன் கோயிலில் தொடங்குங்கள். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய கோயில் அது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பழைய ரயில் நிலையம், 1910இல் கட்டியது. கிள்ளானிலிருந்து 1886இல் ரயில் வந்த பிறகு, அதில் வேலை பார்த்த நம் ஆட்கள் குடியேறிய இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், மெர்டேக்கா சதுக்கம் எல்லாம் எந்த வழிகாட்டியிலும் இருக்கும், நான் நீட்டவில்லை.

ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் துன் சம்பந்தன் மாளிகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். "அது ஓர் ஆபீஸ் கட்டடம்தானே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி (அன்றைய டாலர்) போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அப்படி 1960இல் பிறந்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதன் தலைமையகம்தான் அந்த மாளிகை.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அந்தச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். மடிப்பு கிழிந்து, ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது. அவரை அந்தக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தியபோது அண்ணாந்து பார்த்து, "பத்துப் பத்து வெள்ளியா கட்டுனோமே, அதுவா இது?" என்றார். ஆமாம்மா என்றேன். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என் பிள்ளைகளுக்குப் பாட்டி யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேரம் இருந்தால் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவும் போங்கள். 1995 வரை அது பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் தொடங்கியது. பிபி (பெராங் பெசார்) என்று தொடங்கும் ரப்பர் ரகங்கள் அங்கே உருவானவைதான். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெயர் பெற்ற ஆர்ஆர்ஐஎம் 600 ரகத்துக்கே பெற்றோரில் ஒன்று பிபி 86. அம்மாவிடம் சொன்னதும், "பிபி மரமா? நல்லா பால் குடுக்குமே!" என்று முகம் மலர்ந்தது. அங்கே லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். பிரதமர் அலுவலகத்தைக் காட்டும்போது இதையும் சொல்லிக் காட்டுங்கள். அரசியல் பேசுகிறேன் என்று சிலர் கோபிக்கலாம். யார் அங்கே பால்மரம் வெட்டினார்கள் என்பது அரசியல் இல்லை. கோலாலம்பூரின் பங்சார்கூட ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாங்கள் வாடகைக்கு எடுத்த வேன்காரர் கோயிலில் பத்து நிமிடம் என்று அவசரப்படுத்தினார். அப்புறம் சாக்லேட் கடையில் இறக்கிவிட்டு, வயசான அம்மாவை வெயிலில் காக்க வைத்தார். கடையில் அவருக்குக் கமிஷன் என்று பிறகு தெரிந்தது. உழைத்த காசைக் கொடுக்கிறோம், இப்படி நடத்துவது அநியாயம். ஆகவே வேன் பேசும்போதே எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.