தராசில் பிசகா, சரக்கில் குறைவா?

அண்ணா, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் வெள்ளிப் பட்டறையில் நின்று பேச நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐன்ஸ்டீனுக்கு மாற்றாக ஈர்ப்புக் கோட்பாடு உருவாக்கப் போகிறேன் என்று உங்கள் மகள் பாப்பா சொன்ன நாளிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று அண்ணி சொன்னார்கள்.

அவள் கேட்பது உங்கள் தொழிலில் வரும் கேள்விதான்: பிசகு சரக்கிலா, தராசிலா? வெள்ளியை உருக்கி எடை போட்டால் குறைகிறது. முதலில் தரையைக் கூட்டி அள்ளிப் பார்ப்பீர்கள். அப்படியும் கணக்கு நேராகாவிட்டால் தராசைச் சந்தேகப்படுவீர்கள். வானத்திலும் அப்படித்தான். யுரேனஸ் கிரகம் சுற்றும் பாதையின் கணக்கு பிசகியபோது, தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது என்று தேடினார்கள். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதையும் நூற்றாண்டுக்கு 43 விகலை, அதாவது ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பிசகியது. அங்கே எந்தக் கிரகமும் கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டீன் தராசையே, அதாவது நியூட்டனின் ஈர்ப்பு விதியையே, மாற்றினார். இப்போது கேலக்சிகள் என்னும் நட்சத்திரக் கூட்டங்களின் ஓரத்து நட்சத்திரங்கள் கணக்கை மீறி வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்கிறார்கள் பெரும்பாலோர். 1983இல் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் ஈர்ப்பு விதியைத் திருத்திப் பார்த்தார். நம் நாட்டு வானியற்பியலாளர் நார்லிகரும் 1964இல் இங்கிலாந்து வானியலாளர் ஹாயிலோடு சேர்ந்து ஒரு மாற்றுக் கோட்பாடு கொடுத்தவர்தான்.

பாதை கடினம், மறைக்க மாட்டேன். 2017இல் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரே மோதலில் கிளம்பிய ஈர்ப்பலையும் (ஈர்ப்பின் அதிர்வு) ஒளி வகையான காமாக் கதிரும் 1.7 வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் வேகம் வேறு என்று சொன்ன பல கோட்பாடுகள் அத்தோடு அடிபட்டுப் போயின. அதைத் தாங்கும் மனசு வேண்டும். நிரந்தர வேலையும் குறைவு. ஆனால் கற்ற கணக்கும் கம்ப்யூட்டர் நிரலும் கையை விட்டுப் போகாது.

அவள் நோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கம் சமன்பாடு, ஓரத்தில் பென்சிலில் 'புதனுக்கு 43 வருமா?' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். தன் கோட்பாட்டைத் தானே சோதிக்கிற பிள்ளை, அண்ணா. எனக்கு அந்த வட்டம் போதும்.

மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசருக்கு நுழைவுத் தேர்வும், நைசருக்கான நெஸ்ட் தேர்வும் எழுதட்டும். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. எதுவும் அமையாவிட்டால் இங்கேயே அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்து, ஜாம் என்னும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி மேலே போகலாம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும்; அப்புறம் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். அந்த நோட்டும் வேண்டும்.