மானியமும் ஆன்டெனாவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக அலைகிறேன். மூன்று கதைகள் கையில் இருக்கின்றன. 'ஓடாத படத்துக்கு அரசாங்கம் எதுக்கு வரிப்பணத்தைக் கொடுக்கணும்?' என்கிறார் என் மாமா. நல்ல சினிமாவுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டுமா? கலைஞன் அரசாங்கத்திடம் கைநீட்டலாமா?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள தம்பி,

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரியை விலக்கியது. அப்படி விட்டுக்கொடுத்ததும் வரிப்பணம்தான். டிக்கெட் அதிகம் விற்ற படத்துக்கே அதில் அதிக லாபம். கைநீட்டும் கேள்வியை விடுங்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறக்கச் சொல்கிற விவசாயியை யாராவது பிச்சைக்காரன் என்கிறார்களா?

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஜே.சி. டேனியலை நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் அகஸ்தீஸ்வரம் போய்விட்டு வந்திருந்தேன். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நம் ஊர்க்காரரான அவர் நிலத்தை விற்று எடுத்தது. கடைசியில் அவர் பல் மருத்துவராகி, வறுமையில் வாழ்ந்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல். படத்துக்கு ஒரு பிரதிகூட இன்று இல்லை. யோசித்துப் பாருங்கள் தம்பி, விருது இருக்கிறது, படம் இல்லை.

எண்பதுகளில் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு தூர்தர்ஷனில் வேற்று மொழிப் படம் போடுவார்கள். திருவனந்தபுரம் பக்கம் பார்த்து மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவைத் திருப்புவது என் வேலை. 'தெரியுதா?' என்று கூரையிலிருந்து கேட்பேன். 'புள்ளியாட்டு இருக்கு, இன்னும் வடக்க திருப்புலே' என்பார் வீட்டுக்காரர். படம் தெளிந்து நான் இறங்கி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒருநாள் ஒரு கன்னடப் படத்தில் ஒரு கிழவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் அதே காட்சி. பாட்டி இறந்த பிறகு எங்கள் பாட்டா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அன்று அழுதேன்.

அந்த மாதிரிப் படங்களில் சில அரசுப் பணத்தில் எடுத்தவை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நம் பக்கத்துத் தியேட்டர் எதிலும் அவை வந்ததில்லை. ஒன்றரை மணி என்ற அந்த நேரம் இல்லையென்றால் அவை எனக்கு எடுக்கப்படாத படங்கள்தான்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எடுப்பதற்குப் பணம் கொடுப்பது பாதி வேலை. காட்டுவதற்கும் காப்பாற்றுவதற்கும் கொடுக்க வேண்டும். அடூர் கோபாலகிருஷ்ணனின் மலையாளப் படம் 'சுயம்வரம்' (1972) அரசின் திரைப்பட நிதிக் கழகக் கடனில் எடுத்தது. முதலில் ஓடவில்லை. தேசிய விருது வந்து மறுபடி தியேட்டருக்குப் போனபோதுதான் ஆட்கள் வந்தார்கள், கடனும் அடைந்தது. அதே படம்தான், ஒரு காட்சிகூட மாறவில்லை. பிரான்சில் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. அது எடுப்பவருக்கும் உதவுகிறது, திரையரங்குக்கும் உதவுகிறது. நாமோ மானியக் காசோலையைக் கொடுத்ததும் கையைக் கழுவிவிடுகிறோம். படம் எந்த ஊரில் யார் பார்த்தார்கள் என்று கேட்க ஆளில்லை. நாகர்கோவிலில் வாரம் ஒரு காட்சிக்கு ஒரு திரையை அரசு வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகிவிடும்? பழைய படங்களின் பிரதியைக் குளிரூட்டிய அறையில் வைக்க எவ்வளவு ஆகும்?

அப்புறம் உங்களை ஒன்று திட்ட வேண்டும். ஐந்து வருடம், மூன்று கதை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன படம் பார்த்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஒரு பத்து நிமிடக் குறும்படமாவது எடுத்தீர்களா? கையில் போன் இருக்கிறது, சுற்றிலும் ரப்பர் தோட்டம் இருக்கிறது, விடிவதற்கு முன் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மானியம் வருகிறவரை கண்ணை மூடிக்கொண்டு இருப்பீர்களா?

மூன்றில் ஒன்றை முழுத் திரைக்கதையாக எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன். அதற்குமுன் உங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருநாள் படம் போட இடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு புரொஜெக்டரும் போதும். முதல் காட்சிக்கு நான் பஸ் ஏறி வருகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.